முதலில் பேர், அப்புறம் கட்டு

போன மாதம் சர்க்கரை மாத்திரை வாங்க எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே செவிலியராக இருக்கும் பெண் கணினியில் என் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். திரை சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போது புல் வெட்டும் இயந்திரத்தில் காலைக் கொடுத்துவிட்ட ஒரு அம்மாளை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். "ஆதார் எடுத்தாரலீங்களே" என்று கூட வந்தவர் பதறினார். அந்தப் பெண் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என்ட்ரியெல்லாம் கெடக்கட்டும். மொதல்ல கால காட்டுங்கக்கா. சார், அஞ்சு நிமிசம் இருங்க."

நான் இருந்தேன். அஞ்சு நிமிஷம் இல்லை, அரை மணி நேரம். திரும்பி வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே, நிலையத்துக்குப் புதுக் கட்டடம் திறக்கப்போவதாகவும் விழா மலர் ஒன்று போடுவதாகவும் சொன்னார். "நீங்க அந்தக் காலத்துக் கம்பவுண்டராமே சார். உங்க சர்வீஸ்ல பெருமையா நெனைக்கிறது ஒன்னு எழுதிக் குடுங்களேன்" என்றார். சரியென்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மூன்று வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். பெருமைக்குரியதாக ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்கின்றன. அவற்றை எழுத உட்கார்ந்தால் கை இதைத்தான் எழுதுகிறது. மலரில் போட முடியாதென்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள், வருத்தமில்லை.

நான் பாபநாசத்துப் பக்கம் குத்தகை நிலம் பயிர் வைத்த குடும்பத்தில் பிறந்தவன். கம்பவுண்டர் பயிற்சி முடித்தேன், இரண்டு வருஷம் சும்மா இருந்தேன், பிறகு ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தால் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஓர் அரசு மருந்தகத்தில் வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. ஊரின் பெயர் வேண்டாம். அந்த மனிதர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள், சிலர் நல்ல உத்தியோகத்திலும் இருக்கிறார்கள்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் சகுந்தலா. ஐம்பது வயதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். அவர் காயம் கழுவுகிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கிணற்றடிக் குழாய்க்குப் பக்கத்தில் முக்காலி ஒன்று கிடக்கும். அதில் அவர் உட்காருவார். காயம்பட்டவர் எதிரே திட்டில் உட்காரவேண்டும். காலைப் பேசினில் வைத்துச் சோப்புத் தண்ணீரால் கழுவுவார். டெல்டாவின் அடிச்சேறு லேசில் போகாது. நகக்கண் வரைக்கும் போகவேண்டும் அவருக்கு. தண்ணீரை மூன்று முறை மாற்றச் சொல்வார். நான்காவது முறையும் கலங்கினால் ஐந்தாவது. அதற்குப் பிறகுதான் மருந்து, கட்டு. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், வராமலிருக்க அப்போது குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊசியாகப் போடுவோம். அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஆளையே சாய்த்துவிடும். அதனால் முதலில் முன்கையில் தோலுக்கடியில் துளி மருந்தைப் போட்டு, புங்கமரத்தடி பெஞ்சில் அரை மணி நேரம் உட்காரவைப்பார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானே வந்து, தடிக்கிறதா என்று கையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

கழுவும்போது "எப்படி ஆச்சு?" என்று ஒருபோதும் கேட்கமாட்டார். "என்ன நெல்லு போட்டிருக்கீங்க?" என்றுதான் கேட்பார். கூலியாட்களையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அந்த ஊரில் அது பெரிய அதிசயம். எனக்கே முதலில் சிரிப்பாக இருந்தது. நான் எல்லாரையும்போல வா, போ என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன், அப்பா வயது ஆட்களைக்கூட.

எப்படி ஆச்சு என்று கேட்காமல் அவருக்கு எப்படித் தெரியும்? காயத்தைப் பார்த்தே தெரியும். எனக்கும் கற்றுக்கொடுத்தார். கதிர் அறுக்கும்போது படும் வெட்டு இடது கைச் சுண்டுவிரலில் இருக்கும், தாளைப் பிடிப்பது அந்தக் கைதான். மம்மட்டி வெட்டு இடது பாதத்தில் விழும், முன்னால் நிற்பது அந்தக் கால்தான். இன்னொருத்தன் வெட்டினால் தலையிலோ, தடுக்கத் தூக்கிய முன்கையிலோ இருக்கும். வெட்டுக்காயம் எது வந்தாலும் விபத்துப் பதிவேட்டில் பேர், ஊர், தகப்பன் பேர், காயத்தின் அளவு எல்லாம் எழுதி, சந்தேகமிருந்தால் போலீசுக்குத் தகவல் அனுப்பவேண்டும் என்பது விதி. எங்கள் பேச்சில் அது ஏ.ஆர். நோட்டு. டாக்டரம்மா கட்டுப் போட்டு, சீரமும் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த நோட்டைத் திறப்பார்.

அந்த வருஷங்களில் அந்த நோட்டுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. அறுப்புக் கூலிக்காக விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்களுக்கும் மிராசுதார்களுக்கும் தகராறு. வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினால் உள்ளூர் ஆட்கள் மறிப்பார்கள், அடிதடி நடக்கும். மறுநாள் போலீஸ் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து நோட்டில் இருக்கும் பேர்களை எழுதிக்கொண்டு போகும். காயம் பட்டவன் கலவரத்தில் இருந்தவன், அவ்வளவுதான் கணக்கு. டாக்டரம்மா இருந்தவரைக்கும் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. ஒரு தடவை பாதிக் கட்டில் ஆளைத் தூக்க வந்த ஏட்டிடம், "உக்காருங்க. இவர் காலு இன்னும் சுத்தமாகல" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருந்தார். ஏட்டும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்படியிருந்தவரை ஒரு காரியஸ்தரின் சிராய்ப்பு கவிழ்த்தது. பெரிய மிராசுதார் ஒருவரின் காரியஸ்தர் முழங்கைச் சிராய்ப்போடு வந்து, கொடுங்காயம் என்று சான்று கேட்டார். இவர் சாதாரணக் காயம் என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. போகிற அன்று என்னிடம், "நோட்டு எங்கயும் ஓடிராது நடராஜன்" என்றார். அது மட்டும்தான் சொன்னார்.

அவர் போன வாரமே மாநில ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். ஆட்சி கலைந்தால் ஒரு கிராமத்து மருந்தகத்தில் என்ன மாறப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். சுவரில் தொங்கும் படத்திலிருந்து எல்லாம் மாறும். மாற்றல்களையெல்லாம் நிறுத்திவைத்தார்கள். ஆகவே போனவர் போனதுதான், வரவேண்டியவர் வரவில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து பொறுப்பு மருத்துவர் வாரம் ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மருந்து கேட்டு அனுப்பிய பட்டியல் எந்த மேஜையில் கிடந்ததோ தெரியாது. எங்கள் ஜீப்பைப் பந்தோபஸ்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டியில் சீரம் இரண்டு குப்பிகள் மிச்சமிருந்தன. ஆஸ்பத்திரி என்றால் நான்தான் என்றாகிவிட்டது. எனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவரோ தன் தலை தப்பினால் போதுமென்று ஊரைவிட்டே போயிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். முந்தின நாள் பக்கத்துக் கிராமத்தில் அறுப்புத் தகராறு நடந்து, சிலரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னய்யா கம்பவுண்டர், எல்லாம் மம்மட்டி வெட்டு, கதிரரிவா வெட்டுன்னே இருக்கு? இந்த ஊர்ல மனுசன மனுசன் வெட்டிக்கிறதே இல்லியா?"

"அதெல்லாம் டாக்டரம்மா எழுதுனது சார்" என்றேன். கேட்டதும் காட்டிக்கொடுத்துவிட்டேன், யாரும் அடிக்கக்கூட இல்லை.

"அந்தம்மா போயாச்சு. இனிமே வெட்டுக்காயம்னு எவன் வந்தாலும் மொதல்ல பேரு, ஊரு, அப்பன் பேரு. ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு. அப்புறமா கட்டு. கட்டிட்டின்னா எந்திரிச்சுப் போயிருவான்ல?"

"சரிங்க சார்."

"நீ டெம்பரவரிதானே?"

வீட்டில் மனைவி ஏழு மாதம். சரிங்க சார், சரிங்க சார் என்று ஜீப் வரைக்கும் பின்னாலேயே போனேன்.

நான்கு நாள் கழித்து, மாசி மாதம், காலை பத்து மணி இருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவருக்கு நாற்பது வயதிருக்கும். அவர் பேர் காத்தமுத்து என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவள் வீராயி. அவர் அவள் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தார். இடது பாதத்தில் கிழிந்த வேட்டித் துணி சுற்றியிருந்தது, துணியெல்லாம் ரத்தம். பெஞ்சில் உட்காரவைத்துப் பிரித்துப் பார்த்தேன். பெருவிரலுக்கு மேலே குறுக்காக, ஆழமாக, சுத்தமான மம்மட்டி வெட்டு. உள்ளே சேறும் சாணித் தூளும். களம் செதுக்கப் போன இடத்தில் பட்டது என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதை நான் எங்கேயும் மாற்றிச் சொல்லக்கூடாது. எனக்குத் தெரிந்தது. சந்தேகம் துளிகூட இல்லை. பேசினை எடுக்கக் கை நீட்டியும் விட்டேன். அப்போது ரோட்டில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. ஜீப்பா, உர லாரியா, இன்றுவரை தெரியாது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு மேஜைக்குப் போனேன். நோட்டைத் திறந்து வரிசை எண் போட்டேன், தேதி போட்டேன்.

"பேரு என்ன?"

அவர் நோட்டையே பார்த்தார்.

"உன்னத்தான் கேக்குறேன். பேரு, அப்பன் பேரு, ஊரு."

"எதுக்குங்கய்யா பேரு? மம்மட்டி வெட்டுங்க. களத்துல…"

"தெரியுது. ஆனா எழுதணும்."

"பேரு எழுதுனவனெல்லாம் இப்ப உள்ள இருக்கானுவங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு தகவல் சொல்வதுபோலச் சொன்னார்.

வீராயி குனிந்து அவர் காதில் என்னவோ சொன்னாள். பிறகு வெளிப்படையாகவே கெஞ்சினாள். "சொல்லிப்புடுய்யா. ராத்திரியெல்லாம் வலிச்சுதுன்னியே. ஐயா கட்டி வுடுவாரு." அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து நின்றார். நின்றதும் காயம் மறுபடி திறந்து தரையில் ரத்தம் வடிந்தது.

"துணியாச்சும் நல்ல துணியாக் குடுங்கய்யா. நாங்களே கட்டிக்கிறோம்" என்றாள்.

"எழுதாம எதுவும் தர முடியாது."

நான்தான் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் அங்கே இல்லை, மிராசுதார் இல்லை, யாருமே இல்லை. அலமாரியில் துணிச் சுருள் அடுக்கடுக்காக இருந்தது.

வாசல் வரைக்கும் போனவள் அவரைத் தூணைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடிவந்தாள். "ஐயா, வேணும்னா என் பேரச் சொல்றேன். வீராயி. என் பேர எழுதிக்கிட்டு அவருக்குக் கட்டி வுடுங்களேன்."

"காயம் யாருக்கோ அவங்க பேரத்தான் எழுதணும். போய் அவன வந்து சொல்லச் சொல்லு."

அவர்கள் போய்விட்டார்கள். சிமென்ட் தரையில் ஒரே ஒரு காலின் தடம் வாசல் வரைக்கும் இருந்தது. தண்ணீர் ஊற்றி நானே துடைத்தேன். குளிர்பெட்டியில் இரண்டு குப்பிகளும் அப்படியே இருந்தன. நல்லவேளை, வம்பில்லை என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஒன்பதாம் நாள் உச்சிவெயிலில் மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். நான் வாசலுக்கு ஓடினேன். வண்டிப் படலைத் தட்டித் திறந்த சத்தத்துக்கே அவர் உடம்பு முதுகால் வளைந்து எழும்பியது. பல் கிட்டிப்போய், முகம் சிரிப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தது. நினைவு இருந்தது. கண் என்னை அடையாளம் கண்டுகொண்டது. ரணஜன்னியில் நினைவு தப்பாது, அதுதான் அதன் கொடுமை.

அன்று நான் பேர் கேட்கவில்லை. நோட்டைத் தொடவில்லை. துளி மருந்து போட்டுத் தடிக்கிறதா என்றுகூடக் காத்திருக்காமல் இரண்டு குப்பியையும் உடைத்துப் போட்டேன். தடுக்கப் போடுகிற அளவு மருந்து அது. வந்த பிறகு அது எந்த மூலைக்கு? தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருவேளை பிழைக்கலாம். ஜீப் இல்லை. அன்று பஸ்ஸும் ஓடவில்லை. "திருத்துறைப்பூண்டிக்காச்சும் கொண்டு போங்க, சீக்கிரம்" என்றேன். வீராயி வண்டியில் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி குலுங்கும் ஒவ்வொரு தடவையும் அவர் வளைவது தூரத்திலிருந்தே தெரிந்தது. பாதிவழியில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மறுநாள் மணியக்காரர் வந்து சொன்னார். அவர் சொல்லித்தான் பேர் தெரிந்தது.

அந்த வாரம் பொறுப்பு மருத்துவர் வந்தபோது நோட்டில் வரிசை எண்ணும் தேதியும் மட்டும் இருந்த வரியைப் பார்த்து, "இது என்ன காலியா இருக்கு? நெரப்புங்க" என்றார். நிரப்பினேன். 'காயம்பட்டவர் பெயர் கூற மறுத்து, சிகிச்சை பெறாமல் சென்றுவிட்டார்.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார். விசாரணை வந்திருந்தால் அந்த வரி என்னைக் காப்பாற்றியிருக்கும். விசாரணை என்று எதுவும் வரவில்லை. அடுத்த வருஷம் என் வேலையை நிரந்தரமாக்கினார்கள்.

பல வருஷம் கழித்து, தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. நலம் விசாரித்தார். என்ன வேகத்தில் ஆரம்பித்தேனோ, நின்றபடியே முழுக்கச் சொல்லிவிட்டேன். எஸ்.ஐ. மிரட்டியது, வேலை தற்காலிகமாக இருந்தது, மனைவி ஏழு மாதமாக இருந்தது, எல்லாவற்றையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எடது காலா?"

"ஆமாங்க மேடம்."

"ம்" என்றார். பிறகு பாபநாசம் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டார். கையைக் காட்டினேன். போய்விட்டார்.

அவரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

காத்தமுத்து செத்த அதே வருஷம், குறுவை அறுப்பு நேரம். ஊர் கொஞ்சம் அடங்கியிருந்தது. அந்த சப்-இன்ஸ்பெக்டரும் மாற்றலாகிப் போயிருந்தார். நண்பகலுக்கு முன்னால் வீராயி தனியாக வந்தாள். இடது கைச் சுண்டுவிரலை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். அறுப்பு வெட்டு. நான் பேசினில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, "கைய நீட்டுங்க" என்றேன். நீங்க என்றுதான் சொன்னேன், அதற்குள் அவ்வளவாவது கற்றிருந்தேன்.

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல எழுதிக்குங்கய்யா. வீராயி. புருசன் பேரு காத்தமுத்து, தவறிட்டாரு. காயம் எனக்குத்தாங்க, இப்ப என் பேர எழுதலாம்ல?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று தெரிந்துகொண்டவளாக நின்றாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ரத்தம் போவுது" என்றேன்.

"வேணாங்க. அந்த மனுசன் பேரச் சொல்லியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாரு. பிடிவாதம் புடிச்ச ஆளு. நீங்க எத்தன தடவ கேட்டீங்க! உங்க மேல என்னங்க தப்பு? எழுதுங்கய்யா."

சொல்லியிருக்கலாம். தப்பு அவர் மேல் இல்லை, பேர் இல்லாமலே கழுவிக் கட்டி மருந்து போட்டிருக்கலாம், எனக்கு முந்தி இருந்தவர் அப்படித்தான் செய்தார் என்று சொல்லியிருக்கலாம். செத்த புருஷன்மேல் அவள் வைத்திருந்த கோபத்தையாவது இறக்கியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, மென்று விழுங்கிவிட்டேன். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்பது எனக்கு அவ்வளவு சௌகரியமாக இருந்தது.

மேஜைக்குப் போய் நோட்டைத் திறந்தேன். வரிசை எண், தேதி, பேர், கணவர் பேர், ஊர், காயத்தின் அளவு. நான் எழுதி முடிக்கும்வரை அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். விரலிலிருந்து ரத்தம் மேஜைமேல் சொட்டியது. நோட்டில் பட்டுவிடாமல், மறுகையால் முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.